மேடிசன் ஸ்கொயர் கார்டன்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் குடியிருந்து கொண்டு, நியூயார்க்கின் இந்தப் பெரிய உள்ளரங்கத்துக்கு அடிக்கடி போய்வருகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா முதல் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் வரை எல்லோருடைய சந்தேகங்களும் நம்மிடம்தான் வரும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகளுக்கு மூலகாரணம் ஒன்றுதான்: இந்த அரங்கம் ஒரு ரயில் நிலையத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

மேடிசன் ஸ்கொயரில் நிற்கிறேன். அரங்கத்தைக் காணோமே?

காணாது. மேடிசன் சதுக்கம் 23-ஆம் தெருவிலிருந்து 26-ஆம் தெரு வரை உள்ள பூங்கா. அரங்கம் இருப்பது 31-ஆம் தெருவுக்கும் 33-ஆம் தெருவுக்கும் நடுவே, ஏழாம் அவென்யூவுக்கும் எட்டாம் அவென்யூவுக்கும் இடையில். நடந்தால் பதினைந்து நிமிடம்.

இப்போதிருப்பது நான்காவது கார்டன். முதல் இரண்டும் அந்தப் பூங்காவை ஒட்டித்தான் இருந்தன. 1879-இல் பெயர் சூட்டப்பட்ட முதலாவது, பழைய ரயில் கூடம் ஒன்றை மாற்றியமைத்தது. 1890-இல் திறந்த இரண்டாவதை வடிவமைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 1906-இல் அதே கட்டடத்தின் மொட்டைமாடி நாடக அரங்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றாவது, 1925-இல் எட்டாம் அவென்யூவில் 49-ஆம் தெருவுக்குப் போனது. நான்காவது 1968 பிப்ரவரி 11 அன்று திறக்கப்பட்டது. இடம் மாறினாலும் பெயரை மட்டும் விடவில்லை.

எப்படி வருவது? காரிலேயே வந்துவிடலாமா?

வேண்டாம். அரங்கத்துக்கென்று சொந்த வாகன நிறுத்துமிடம் கிடையாது. சுற்றியுள்ள தனியார் நிறுத்துமிடங்கள் நிகழ்ச்சி நாளில் கேட்கும் தொகையைக் கேட்டால், கச்சேரியில் மனம் ஒட்டாது. சுரங்கப்பாதை நெரிசல் வேறு.

எடிசன், மெட்ரோபார்க், நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ்டன் ஜங்ஷன் பக்கம் இருப்பவர்கள் நியூஜெர்சி டிரான்சிட் ரயிலில் ஏறினால், இறங்குமிடமே அரங்கத்தின் அடிவயிறு. ஜெர்சி சிட்டிக்காரர்கள் பாத் ரயிலில் 33-ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, ஆறாம் அவென்யூவிலிருந்து ஏழாம் அவென்யூ வரை நடந்தால் போதும். நகருக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு 1, 2, 3 எண் சுரங்க ரயில்கள் ஏழாம் அவென்யூ பக்கமும், ஏ, சி, ஈ ரயில்கள் எட்டாம் அவென்யூ பக்கமும் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. நியூஜெர்சியிலிருந்து வரும் வழியில் 'நியூவார்க் பென் ஸ்டேஷன்' என்று ஒன்று வரும். 'பென் ஸ்டேஷன்' என்ற அறிவிப்பு காதில் விழுந்ததும் மூட்டை முடிச்சோடு இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் இறங்க வேண்டியது நியூயார்க் பென் ஸ்டேஷன். ரயில் ஹட்சன் ஆற்றின் அடியில் புகுந்து வெளிவரும் வரை எழுந்திருக்காதீர்கள்.

நிகழ்ச்சி முடிய நேரமானால் திரும்ப ரயில் கிடைக்குமா?

நள்ளிரவு தாண்டியும் ரயில் உண்டு. ஆனால் இரவு ஏற ஏற இரண்டு ரயில்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நீளும். ஒன்றைத் தவறவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரலாம். அன்றைய அட்டவணையைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பென் ஸ்டேஷனில் எந்த நடைமேடை என்பதை ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் போடுவார்கள். போட்டதும் கூட்டம் மொத்தமும் ஒரே படிக்கட்டை நோக்கிப் பாயும். குழந்தைகளோ பெரியவர்களோ உடன் இருந்தால் அந்த ரயிலை விட்டு அடுத்ததில் போவது மேல். எட்டாம் அவென்யூவைக் கடந்தால் அதே நிலையத்தின் இன்னொரு பகுதியாக 2021-இல் திறந்த மொய்னிஹன் கூடம் இருக்கிறது. உட்கார இடம் குறைவுதான் என்றாலும் மூச்சு விடலாம்.

டிக்கெட்டில் 'தியேட்டர்' என்று போட்டிருக்கிறது. இதுதானே கார்டன்?

கட்டடம் அதுதான், அரங்கம் வேறு. பெரிய அரங்கத்துக்குக் கீழே சுமார் 5,600 பேர் அமரும் ஒரு தியேட்டர் இருக்கிறது. அதன் பெயர் விளம்பர ஒப்பந்தங்களுக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்து, இப்போது நம்மூர் இன்ஃபோசிஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. நகைச்சுவை நிகழ்ச்சிகளும் நடுத்தர அளவுக் கச்சேரிகளும் பெரும்பாலும் அங்கேதான். மோசம் ஒன்றும் இல்லை. மேடை நன்றாகவே தெரியும். 20,000 பேர் கூடும் ஆரவாரத்தை எதிர்பார்த்துப் போனால்தான் ஏமாற்றம்.

விளையாட்டுத் தளம் ஐந்தாவது மாடியில் இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். தரைக்குக் கீழே முழுவதும் தண்டவாளங்களும் நடைமேடைகளும் ஓடுகின்றன. தரையைத் தோண்டி அரங்கத்தைப் பள்ளத்தில் இறக்க வழியில்லை. மற்ற ஊர்களில் தெரு மட்டத்தில் நுழைந்து, இருக்கைகளுக்கு நடுவே கீழே இறங்கி ஆடுகளத்தைப் பார்ப்போம். இங்கே நகரும் படிக்கட்டில் மேலே, மேலே என்று ஏறிய பிறகுதான் ஆடுகளமே கண்ணில் படும். தெரு மட்டத்திலிருந்து அது ஏறக்குறைய 30 அடி உயரத்தில் இருக்கிறது.

கூடைப்பந்து வீரருக்கு இதனால் ஒன்றுமில்லை, மின்தூக்கி இருக்கிறது. யானைக்கு? ரிங்லிங் சர்க்கஸ் இங்கே முகாமிட்டிருந்த ஆண்டுகளில் யானைகளை நள்ளிரவில் குயின்ஸ் மிட்டவுன் சுரங்கப்பாதை வழியாக மன்ஹாட்டனுக்கு நடத்திக் கொண்டுவருவார்கள். ஒன்றின் வாலை அடுத்தது துதிக்கையால் பிடித்துக்கொண்டு வரிசையாக வருவதைப் பார்க்கத் தெருவோரம் கூட்டம் நிற்கும். பிறகு சாய்தளத்தில் ஏறி ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டும். ஏறின.

எந்த இருக்கை நல்லது? மலிவாகவும் இருக்க வேண்டும்.

100 என்று தொடங்கும் எண்கள் கீழ்ப்பகுதி, 200 மேல்பகுதி, 300 என்பவை கூரையிலிருந்து தொங்கும் இரண்டு பாலங்கள், 400 ஒரு பக்கத்து உச்சி. பாலங்களை 2011 முதல் 2013 வரை நடந்த புதுப்பிப்பில் சேர்த்தார்கள். விளையாட்டுப் பருவம் தடைபடாமல் இருக்க, மூன்று கோடைகாலங்களில் வேலையை முடித்தார்கள். செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர்.

பாலத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடித்தமானது. ஆட்டம் நேர் கீழே நடக்கும். கூடைப்பந்தில் யார் எங்கே நகர்கிறார் என்பது வரைபடம் போலப் புரியும். அதே பாலம் 200-இன் பின்வரிசைகளில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல். ஆடுகளம் தெரியும், மேலே தொங்கும் பெரிய ஸ்கோர் பலகை மறைந்துவிடும். ஈடுகட்ட அங்கே சின்னத் திரைகளை மாட்டியிருக்கிறார்கள். 200-இல் வாங்குவதானால் முன்வரிசைகளாகப் பாருங்கள்.

கச்சேரிக்குக் கணக்கு வேறு. ஆடுகளத்தின் மேல் நாற்காலி போட்ட 'தரை' இருக்கைகள்தான் விலை அதிகம். ஆனால் தரை சமதளம். முன்னால் இருப்பவர் எழுந்து நின்றால், ஐந்தடி நான்கு அங்குலக்காரருக்கு அன்று பாட்டு மட்டும்தான், பாடகர் இல்லை. அதைவிட 100-இன் பக்கவாட்டுப் பகுதி எவ்வளவோ மேல்.

டிக்கெட் விலை ஏன் வாங்கும்போது ஒன்று, கட்டும்போது ஒன்றாக இருக்கிறது?

நியூயார்க் மாநிலச் சட்டப்படி 2022 ஆகஸ்ட் இறுதியிலிருந்து, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஏறினால் அந்தத் தளத்தைச் சந்தேகியுங்கள்.

மறுவிற்பனை இங்கே சட்டப்படி செல்லும். கூடைப்பந்துக்கும் ஹாக்கிக்கும் வார நாள் ஆட்டம், வலுவில்லாத எதிரணி என்றால் நிகழ்ச்சி நாளின் மாலையில் விலை இறங்குவது வழக்கம். பெரிய பாடகர் என்றால் அந்த நம்பிக்கையில் உட்காராதீர்கள். அரங்க வாசலில் கையில் தாளை வைத்துக்கொண்டு கூவுகிறவர்களிடம் மட்டும் வாங்கவே வேண்டாம். இப்போது நுழைவு கைபேசி டிக்கெட்டில்தான்.

பை, சாப்பாடு, கைக்குழந்தை?

இருக்கைக்கு அடியில் அடங்கும் பை போதும். பெட்டியோடு நேரே விமான நிலையத்திலிருந்து வந்துவிடாதீர்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். உள்ளே சைவம் கிடைக்கும், ஆனால் பசியாற வேண்டுமானால் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவதுதான் உசிதம். குழந்தைக்கு எந்த வயதிலிருந்து தனி டிக்கெட் என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். டிக்கெட் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கச்சேரிக்குக் கூட்டிப்போனால் காதடைப்பான் கட்டாயம்.

நேற்று ஐஸ் ஹாக்கி நடந்தது. இன்று அதே இடத்தில் கூடைப்பந்து. ஐஸ் என்ன ஆயிற்று?

அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் கூடைப்பந்துத் தளத்துக்குக் கீழே.

அரங்கத்தின் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் உறையாத குளிர்திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய வைக்கிறார்கள். இடையில் வெள்ளை நிறம் பூசி, கோடுகளைப் போட்டு, மேலும் சில படலங்கள் தெளித்தால் ஓர் அங்குலத்தை ஒட்டிய கனத்தில் பனித்தளம் தயார். 200 அடி நீளம், 85 அடி அகலம். அக்டோபரில் நியூயார்க்கின் ஹாக்கி அணியான ரேஞ்சர்ஸின் பருவம் தொடங்கினால், வசந்தம் வரை அதை உருக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் உருக்கி மறுபடி உறைய வைக்க நேரமும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது.

ஹாக்கி முடிந்து ஜனம் வெளியேறும்போதே இரவுப் பணியாளர்கள் இறங்கிவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தப் பந்தி முடிந்த கையோடு மாலை வரவேற்புக்கு மேடையை மாற்றுவார்களே, அந்த அவசரம்தான். கண்ணாடித் தடுப்புகளைக் கழற்றுகிறார்கள். பனியின் மேல் வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்புகிறார்கள். அதன்மேல் மேப்பிள் மரத்தாலான கூடைப்பந்துத் தளம்: ஏறத்தாழ 4 அடிக்கு 8 அடி அளவில் இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் வரிசை உண்டு. இடம் மாறினால் கோடுகள் ஒட்டாது. துண்டோடு துண்டைப் பூட்டி, கூடைக் கம்பங்களை உருட்டிவந்து, ஹாக்கித் தளத்தைவிடக் கூடைப்பந்துத் தளம் சிறியது என்பதால் மிஞ்சும் இடத்தில் கூடுதல் இருக்கைகளைப் போடுவார்கள். அதனால்தான் ஹாக்கிக்கு 18,006 இருக்கை என்றால் கூடைப்பந்துக்கு 19,812. சில நாட்களில் பகலில் ஓர் ஆட்டமும் இரவில் மற்றதும் நடப்பதுண்டு. எல்லா வேலையும் சில மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும்.

அப்படியானால் பனியின் குளிர் மேலே வராதா? தளம் வழுக்காதா?

அதற்குத்தான் இடையில் அந்தப் பலகைகள். ஆனாலும் உஷ்ணமும் ஈரப்பதமும் கூடிய நாளில், ஆயிரக்கணக்கானோர் விடும் மூச்சும் சேர்ந்தால், குளிர்ந்த பரப்பில் நீர் கோத்துக்கொள்ளப் பார்க்கும். காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் கூரைக்குள் இருக்கும் குளிர்சாதன இயந்திரங்களின் முக்கிய வேலை. ஆடுகளத்தின் ஓரத்தில் இருக்கை கிடைத்தவர்கள் ஒரு மெல்லிய மேலாடையைக் கையோடு கொண்டுபோகலாம்.

கச்சேரியன்றும் பனி மூடியபடியே கிடக்கும். இப்படி ஓயாமல் மூடித் திறப்பதால் கார்டனின் பனி சொரசொரப்பாக இருக்கிறது என்று ஹாக்கி ரசிகர்கள் குறைப்படுவார்கள்.

இவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு தூண்கூட இல்லையே, கூரை எப்படி நிற்கிறது?

நிற்கவில்லை, தொங்குகிறது. வட்டமான கட்டடத்தின் விளிம்பில் சுற்றிலும் ஒரு வளையம். அதிலிருந்து நடுவை நோக்கி எஃகு வடங்கள் இழுத்துக் கட்டப்பட்டு, கூரை அவற்றின்மேல் அமர்ந்திருக்கிறது. சுமார் 400 அடி விட்டம். உள்ளே அண்ணாந்து பார்த்தால், கூரை நடுவில் மேலெழும்பாமல் கீழ்நோக்கிக் குழிந்திருப்பது தெரியும். வடிவமைத்தவர் சார்லஸ் லக்மன். 2013 புதுப்பிப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றினார்கள், இந்தக் கூரையை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். நல்ல காரியம்.

உள்ளே தூண் இல்லை என்பது மேலே உட்கார்ந்திருப்பவருக்குத்தான். கட்டடத்தின் பாரத்தை இறக்கும் தூண்கள் அத்தனையும் கீழே, பென் ஸ்டேஷனின் நடைமேடைகளில் ஊன்றியிருக்கின்றன. ரயிலைப் பிடிக்க ஓடும்போது குறுக்கே வந்து நிற்கும் தூண்கள் அவைதான்.

உலகப் புகழ் பெற்றது என்கிறார்கள். அப்படி என்ன நடந்திருக்கிறது?

1971 மார்ச் 8: முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் முதல் முறை மோதியது இங்கேதான். இருவரும் அதுவரை தோற்காதவர்கள். 15 சுற்று ஆடி, ஃபிரேசியர் வென்றார். ஆளுக்கு 25 லட்சம் டாலர். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அன்று மேடையோரம் நின்று ஒரு பத்திரிகைக்காகப் படம் எடுத்தார்.

1970 மே 8, கூடைப்பந்து இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். காயத்தால் ஆடமாட்டார் என்று நினைத்திருந்த வில்லிஸ் ரீட், நியூயார்க்கின் கூடைப்பந்து அணியான நிக்ஸின் வீரர், நொண்டியபடி தளத்துக்குள் வந்தார். அவர் போட்டது 4 புள்ளிகள்தான். அரங்கம் எழுந்து கத்தியதில் எதிரணி அங்கேயே பாதி தோற்றுவிட்டது. நிக்ஸ் அணி அன்றும் 1973-இலும் கோப்பை வென்றது. ஹாக்கியில் ரேஞ்சர்ஸ் 1994-இல் இங்கே கோப்பை வென்றபோது, அதற்கு முந்தையது 1940-இல். அந்த 1940 இறுதிச் சுற்றில் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு சர்க்கஸுக்கு இடம்விட்டு, மீதியை டொரான்டோவில் ஆட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கல்லாவுக்கு யானைதான் முதலில், ஹாக்கி பிறகு.

இசையில், பில்லி ஜோயல் 2014 ஜனவரி முதல் 2024 ஜூலை வரை மாதம் ஒரு கச்சேரி என்று நடத்தினார். முடிக்கும்போது இந்த அரங்கில் அவருக்கு அது 150-ஆவது கச்சேரி.

இந்தியர்கள் யாராவது இங்கே கச்சேரி செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், வரலாற்றில் நிற்கும்படி. 1971 ஆகஸ்ட் 1 அன்று, போரிலும் புயலிலும் தவித்த வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரின் வேண்டுகோளின்பேரில், பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் இரண்டு கச்சேரிகள் நடத்தினார். இரண்டையும் சேர்த்துச் சுமார் 40,000 பேர். தொடக்கத்தில் ரவிசங்கர், சரோதில் அலி அக்பர் கான், தபலாவில் அல்லா ரக்கா. சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு அவர் வாசிக்கத் தொடங்கினார். பல இசைக்கலைஞர்கள் கூடி நிதி திரட்டும் பெரிய ராக் கச்சேரிகளுக்கு முன்னோடி இதுதான்.

பிரதமர் நரேந்திர மோடி 2014 செப்டம்பர் 28 அன்று புலம்பெயர் இந்தியர்கள் முன் பேசியதும் இங்கேதான்.

உள்ளே நுழையும்போது முகத்தை அடையாளம் காண்கிறார்களாமே?

ஆம். முக அடையாளத் தொழில்நுட்பம் இருப்பதை வாசலில் பலகை வைத்து அறிவிக்கிறார்கள். 2021 நகரச் சட்டப்படி அறிவித்தாக வேண்டும். பாதுகாப்புக்கு என்கிறார்கள். ஆனால் 2022-இல், அரங்க நிறுவனத்தின்மீது வழக்கு நடத்தும் சட்ட நிறுவனங்களில் பணிபுரியும் வழக்கறிஞர்களை, அந்த வழக்கோடு தொடர்பில்லாதவர்களையும்கூட, இதே தொழில்நுட்பத்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இதே நிறுவனம் நடத்தும் ரேடியோ சிட்டி அரங்கில் மகளின் சாரணியர் குழுவோடு வந்த ஒரு தாயும் அப்படித் திரும்ப நேர்ந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். சாதாரணப் பார்வையாளருக்கு இதனால் தடை ஏதும் வராது. ஆனாலும் பாதுகாப்புக்கு என்று வைத்ததைப் பழிதீர்க்கப் பயன்படுத்தியது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இந்த அரங்கத்துக்காக ஓர் அழகான ரயில் நிலையத்தை இடித்தார்களாமே?

இடித்தார்கள். 1910-இல் திறந்த பழைய பென் ஸ்டேஷன் உயர்ந்த தூண்களும் கண்ணாடிக் கூரைகளுமாக இருந்தது. ரயில் நிறுவனம் நஷ்டத்தில் தவித்ததால், நிலத்துக்கு மேலுள்ள இடத்தை விற்றது. 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். கீழே ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த ஆத்திரம்தான் 1965-இல் நகரத்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையம் பின்னாளில் பிழைத்தது அந்தச் சட்டத்தால்.

முதல் பதிலில் சொன்ன ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் நினைவிருக்கிறதா? பழைய பென் ஸ்டேஷனை வடிவமைத்தது அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம்தான். அவர்களுடைய கார்டனையும் இடித்தாயிற்று. அவர்களுடைய நிலையத்தை இடித்துத்தான் இப்போதைய கார்டன்.

கார்டனையே அங்கிருந்து அப்புறப்படுத்தப் போகிறார்களாமே? வரியும் கட்டுவதில்லையாமே?

வரி விஷயம் உண்மை. 1982-இல் மாநிலம் கொடுத்த விலக்கால், நிக்ஸும் ரேஞ்சர்ஸும் சொந்த ஆட்டங்களை இங்கே ஆடும் வரை சொத்து வரி இல்லை. ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் நகரத்துக்கு இழப்பு. அணிகள் ஊரைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தது. இன்றைக்கு அந்தப் பயத்துக்கு முகாந்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறப்படுத்துவது சிக்கலான கதை. அரங்கம் இயங்க நகரத்தின் சிறப்பு அனுமதி வேண்டும். 1963-இல் 50 ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். 2013-இல் 10 ஆண்டுகள். 2023 செப்டம்பரில் வெறும் 5 ஆண்டுகள். கால அளவு சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தாலே நகரத்தின் மனநிலை புரியும். அதே ஆண்டு, நிலையத்தைப் பயன்படுத்தும் மூன்று ரயில் நிறுவனங்களும் அரங்கம் நிலையத்தோடு இனி ஒத்துப்போகாது என்று கூட்டாக அறிக்கை கொடுத்தன. நடைமேடைத் தூண்கள் ஒரு காரணம். இன்னொன்று லாரிகள். ஒரு பெரிய கச்சேரிக்கு இருபது முப்பது லாரிச் சாமான் வரும். தளம் ஐந்தாம் மாடியில் இருப்பதால் அவை நேரே உள்ளே போக முடியாமல் தெருவில் வரிசைகட்டி நிற்கின்றன. 33-ஆம் தெருவில் நிகழ்ச்சி நாளன்று காலையில் போய்ப் பாருங்கள்.

ஆனால் நிலையத்துக்கு மேலுள்ள இடம் அரங்க நிறுவனத்துக்குச் சொந்தம். மாற்றிடத்துக்கு ஆகும் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு நிலையச் சீரமைப்புப் பொறுப்பை ஆம்ட்ராக் என்ற தேசிய ரயில் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அனுமதி 2028-இல் முடியும்போது மறுபடி இதே வாதம் நடக்கும். அடுத்த ஆண்டுக் கச்சேரிக்கு இப்போதே டிக்கெட் வாங்கலாமா என்பதுதான் உங்கள் கவலை என்றால், தயங்காமல் வாங்குங்கள். 200-இன் பின்வரிசை மட்டும் வேண்டாம்.